சாய்வுக் கூரைக்கு என்ன நிறம் அடிப்பது?

கலந்த சாயத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று எங்கள் கடைக் கவுண்டரில் மூன்று மொழிகளில் எழுதி ஒட்டியிருக்கிறது. அதை இதுவரை யாரும் ஒரு மொழியில்கூடப் படித்ததில்லை.

கூலாயில் வீட்டுச் சுவருக்கு அடிக்கிற சாயம் விற்கும் கடை எங்களுடையது. பத்தொன்பது வருடமாக நான் நிற்பது நிறம் கலக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில். வந்தவர் அட்டையில் ஒரு நிறத்தைத் தொட்டுக் காட்டுவார். நான் அதன் எண்ணைத் தட்டுவேன். வெள்ளைச் சாயத்தில் சொட்டுச் சொட்டாக நிறம் விழும். டின்னை மூடிக் குலுக்கும் பெட்டிக்குள் வைப்பேன். வேலை அவ்வளவுதான். அதற்கு முன்னால் நடக்கிற பேச்சுதான் உயிரை வாங்கும். கவுண்டரில் நின்று பிழைத்தவர்களுக்கும், வீட்டுக்கு நிறம் பார்க்கப் போய் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த தம்பதிகளுக்கும் இதை நான் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அதிலும் இந்தச் சாய்வு அறைகள் வந்த பிறகு என் தலைவலி இரட்டிப்பானது. செனாய்ப் பக்கம் தாமான் என்கிற புதுக் குடியிருப்புகளில் இரண்டரை மாடி வீடுகள் கட்டுகிறார்கள். அந்த அரை மாடி என்பது கூரைக்கு அடியில் இருக்கும் ஓர் அறை. இரண்டு பக்கமும் சீலிங் சரிந்து இறங்கி இடுப்பு உயரத்தில் சுவரைத் தொடும். நடுவில் நிமிர்ந்து நிற்கலாம், ஓரத்துக்குப் போனால் மண்டை இடிக்கும். வாங்கியவர் அதை 'அட்டிக்' என்பார். கட்டியவர் மலாயில் 'லோதெங்' என்பார். அந்த அறைக்குச் சாயம் கேட்டு ஆள் வந்தால், நான் மனசுக்குள் 'வந்துட்டாங்கடா' என்பேன்.

சுவரா, சீலிங்கா?

அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், யாழ்ப்பாணத்துப் பூர்வீகம், கட்டம் போட்ட தாளில் தன் சாய்வு அறையை அங்குலக் கணக்கில் வரைந்து எடுத்துக்கொண்டு வந்தார். சுவருக்கு அடிக்கும் சாயம் வேறு, சீலிங்குக்கு அடிக்கும் சாயம் வேறு என்று எங்கேயோ படித்திருக்கிறார். சாய்ந்து நிற்கும் அந்தப் பகுதியை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதுதான் அவருடைய சந்தேகம். எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். அவருக்குத் திருப்தியில்லை. "அப்படியெண்டால் எத்தனை பாகை சாய்ந்தால் சுவர் சீலிங்காக மாறும்?" என்று கேட்டார். நான் இயந்திரத்தைப் பார்த்தேன். இயந்திரத்துக்கும் தெரியவில்லை.

அந்த நேரத்தில் முனியாண்டி உள்ளே வந்தார். அவர் சாயம் அடிப்பவர். எங்கள் கடையில் தினமும் காலையில் சரக்கு எடுப்பார், போகிற போக்கில் நாலு பேருக்கு யோசனையும் சொல்வார். தாளை வாங்கி ஒருமுறை நேராகவும் ஒருமுறை தலைகீழாகவும் பார்த்தார். பிறகு அந்தப் பெரியவரிடம் மரியாதையாகவே சொன்னார்: "சார், நின்னு பார்த்தா அது சீலிங்கு, படுத்துப் பார்த்தா அது சுவரு. நீங்க மேல போயி நிக்கப் போறீங்களா, படுக்கப் போறீங்களா, அதச் சொல்லுங்க மொதல்ல."

படத்தில் வேர்க்கவில்லை

லாயாங் லாயாங்கில் பிறந்து வளர்ந்த ஒரு பெண், கல்யாணமாகிச் செனாய்க்குக் குடிவரப் போகிறாள். கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். படத்தில் ஒரு சாய்வு அறை. சரிந்த கூரையில் கண்ணாடி, கண்ணாடிக்கு வெளியே பனி. உள்ளே எல்லாமே பாலாடை நிறம். கட்டில் மேல் ஆட்டு ரோமத்தில் ஒரு போர்வை. இதே நிறம் வேண்டும், ஒரு சொட்டு கூடக் கூடாது, குறையக் கூடாது என்றாள்.

அந்த ஊரில் வெயில் அபூர்வம் அம்மா, கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தை அறை முழுக்கப் பரப்பத்தான் அவர்கள் வெள்ளையும் பாலாடையும் அடிக்கிறார்கள் என்றேன். நம் ஊரில் மத்தியானம் கூரை ஓட்டில் முட்டையை உடைத்து ஊற்றினால் வெந்துவிடும், வெளிச்சத்துக்கு நமக்கு என்ன பஞ்சம் என்றும் கேட்டேன். பேசும்போது எனக்கே என் மேல் ஒரு மதிப்பு வந்தது. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் படத்தைப் பெரிதாக்கி இன்னொரு முறை காட்டினாள். "பாருங்கக்கா, இதுல யாருக்குமே வேர்க்கல. எங்க வீட்ல மட்டும் ஏன் வேர்க்கப் போவுது?"

எல்லாருக்கும் சொல்கிற பதில்

அவ்வளவு தெளிவாக அவளுக்குச் சொன்ன நான், அடுத்த மாதமே எல்லாவற்றையும் மறந்துவிட்டு மாமூல் பாட்டைப் பாடினேன். அதைத்தான் இனி சொல்லப் போகிறேன்.

நவமணி வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். கடையில் நிற்க இடமில்லை. முப்பத்தெட்டு வயது இருக்கும். செனாய்த் தொழிற்சாலை ஒன்றின் சீருடையோடு, சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்திருந்தாள். சாய்வு அறைக்கு என்ன நிறம் நல்லது என்று கேட்டாள். யாருடைய அறை, எதற்கு என்று நான் கேட்கவில்லை. சாய்வுக்கு வெள்ளை அடியுங்கள், தாழ்ந்த கூரை உயரமாகத் தெரியும். சுவருக்கு வெளிர் நீலம், சின்ன அறை பெரிதாகத் தெரியும். மினுமினுப்பு வகையாகவே எடுங்கள், கை பட்டால் ஈரத்துணியால் துடைக்கலாம். இதை ஒரே மூச்சில் சொல்வேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அவள் நீல அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள். பின்னால் நான்கு பேர் நிற்கிறார்கள். எனக்கு அவசரம். "என்னம்மா யோசனை, எல்லாரும் இதுதான் எடுக்கறாங்க" என்றேன். அவள் பர்சைத் திறந்தபடி, என்னிடம் சொல்கிறாளா தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாளா என்று தெரியாத குரலில் சொன்னாள்: "எனக்கு அறை பெருசா தெரிய வேணாங்க்கா. அவரு படுத்தா தூங்கணும், அது போதும்."

விளக்கு

மூன்று வாரம் கழித்து அவள் மறுபடி வந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து, நான் பார்வையாலேயே அந்த மூன்று மொழி அறிவிப்பைக் காட்டினேன். அவள் அதைப் பார்க்கவில்லை. அன்றைக்குக் கடையில் கூட்டமில்லை, அதனால் இந்த முறை அவள் சொன்னது என் காதில் விழுந்தது.

அவளுடைய கணவர் சேகரனுக்குச் சிங்கப்பூரில் இரவு வேலை. சாயந்தரம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டிப் போனால், மறுநாள் காலை பத்து மணிக்கு வீடு திரும்புவார். பத்திலிருந்து நாலு வரை அவருக்கு இரவு. வீட்டில் கீழே பள்ளிவிட்டு வரும் இரண்டு பிள்ளைகள், அவருடைய காது மந்தமான அம்மாவின் டிவி, பக்கத்து வீட்டு நாய். சத்தம் எட்டாத இடம் என்றுதான் மேல் அறைக்குக் குளிரூட்டும் ஏர்கோன் போட்டு மெத்தையும் போட்டிருக்கிறார்கள். என் வெள்ளை அடித்த பிறகு அந்த அறையில் பகல் முழுக்கப் பகலாகவே இருக்கிறது. கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு புரள்கிறாராம். போன செவ்வாய்க்கிழமை காலை நெடுஞ்சாலையில் வரும்போது அப்படியே கண் அசந்துவிட்டது. பின்னால் வந்த லோரி ஹாரன் அடித்ததில் முழித்தார். ஓரக் கம்பியில் உரசி விழுந்து காலில் தோல் போனதோடு தப்பித்தார்.

என் வேலையில் ஒரு நிறம் தவறினால் யாராவது திட்டுவார்கள், அதிகம் போனால் திரும்ப அடிப்பார்கள். நிறம் தவறி ஒரு மனுஷன் ரோட்டில் விழுவான் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. மன்னிச்சிடும்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என்மேல் கோபமாகக்கூட இல்லை, அதுதான் இன்னும் சுட்டது. "தப்பா நெனைக்காதீங்கக்கா. நான் அறைக்குச் சாயம் கேட்டேன், நீங்க லைட்டு மாட்டிக் குடுத்துட்டீங்க."

பாதி இருட்டு

அன்றைக்கு நான் அட்டைகளின் கடைசி வரிசையை எடுத்து வைத்தேன். அந்த வரிசையை யாரும் கேட்க மாட்டார்கள். கரும்பச்சை, கருநீலம், கரிச் சாம்பல். சுவர், சாய்வு எல்லாவற்றுக்கும் சேர்த்து இதில் ஒன்றை அடி என்றேன். அவளும் சரி என்றாள். கரும்பச்சையைத் தேர்ந்தெடுத்தோம். நான் டின்னைத் திறக்கும்போது, ஒரு வார்த்தை அத்தையைக் கேட்டுவிடுகிறேன் என்று போன் போட்டாள். அத்தை என்றால் மாமியார், சேகரனின் அம்மா.

அந்த அம்மாவுக்குக் காது மந்தம் என்பதால் நவமணி கத்திப் பேசினாள். அவர் அதைவிடச் சத்தமாகப் பதில் சொன்னார். கடையில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. சுவருக்கு எதையும் அடித்துக்கொள், ஆனால் படுக்கைக்கு மேலே சரிந்து வருகிற பகுதியில் அந்தக் கறுப்பு ஏறக் கூடாது. கறுப்பு இல்லை அத்தை, பச்சை என்று இவள் சொல்லிப் பார்த்தாள். இருட்டாக இருந்தால் அது கறுப்புதான் என்பது அவர் தீர்ப்பு. மகன் அப்போதுதான் ரோட்டில் விழுந்து எழுந்து வந்திருக்கிறான், அந்தத் தாயின் பயம் எனக்கும் புரிந்தது. அந்த விவாதத்தை முடித்து வைத்தது இந்தக் கேள்விதான்: "உசுரோட இருக்கிற புள்ள தலைக்கு மேல கறுப்பப் பூசுவாளாடி ஒருத்தி?"

மெத்தையில் படுத்துப் பார்த்தது

சுவர் மட்டும் கரும்பச்சையானது, சாய்வு வெள்ளையாகவே நின்றது. நிலைமை முன்னைவிட மோசம் என்று அங்கே சாயம் அடித்த முனியாண்டிதான் வந்து சொன்னார். கீழே இருட்டு சேரச் சேர, மேலே வெள்ளை இன்னும் பளிச்சென்று எரிகிறதாம். என்னால் அதற்கு மேல் கவுண்டரில் நின்று யோசிக்க முடியவில்லை. எனக்கும் நவமணிக்கும் சேர்ந்து லீவு கிடைத்த நாளில், காலை பதினொரு மணிக்கு, அந்த வீட்டுக்கே போனேன். பத்தொன்பது வருடத்தில் நான் சாயம் விற்ற ஓர் அறையை நேரில் போய்ப் பார்த்தது அதுதான் முதல் தடவை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

கீழே ஹாலில் சோபாவுக்குப் பின்னால் சேகரன் தரையில் படுத்திருந்தார். முகத்தில் துண்டு. நான் பார்த்தது அவருடைய பாதங்களை மட்டும்தான். அவர் தூங்குகிறாரா, தூங்குவதுபோல் கிடக்கிறாரா என்று தெரியவில்லை. நானும் நவமணியும் செருப்பில்லாமல், மூச்சு விடாமல் மேலே ஏறினோம். நின்று பார்த்தபோது அறையில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கனமான திரை போட்டிருக்கிறது. போதுமான இருட்டுதான். அப்புறம்தான் முனியாண்டி அன்றைக்குத் தாளோடு வந்த பெரியவரிடம் கேட்டது நினைவுக்கு வந்து, மெத்தையில் படுத்தேன்.

படுத்த உடனே அறை வேறாகிவிட்டது. சாய்வு என் மூக்குக்கு நேரே இறங்கி வந்து நின்றது. ஜன்னலின் மேல்பக்கம் கூரையோடு சேர்ந்து சரிவாக இருக்கிறது, திரைக் கம்பியோ நேராக இருக்கிறது. அதனால் திரைக்கு மேலே ஒரு முக்கோணம் திறந்தே கிடக்கிறது. அட்டை வைத்து ஒட்டினார்களாம், ஏர்கோன் ஈரத்தில் இரண்டே நாளில் உரிந்து விழுந்ததாம். அந்த முக்கோணத்தில் நுழைகிற வெயில் நேராக எதிர்ச் சாய்வில் போய் விழுகிறது. நான் விற்ற மினுமினுப்பு அதை வாங்கிப் படுத்திருப்பவன் கண்ணில் ஊற்றுகிறது. கண்ணை மூடினாலும் இமைக்குள் சிவப்பாக எரிந்தது. எழுந்து உட்கார்ந்தேன். நவமணி படிக்கட்டில் நின்றபடி தணிந்த குரலில் கேட்டாள்: "இதுல ஆறு மணி நேரம் அவரு எப்படிக்கா படுப்பாரு, நீங்களே ஆறு நிமிஷம் படுக்கலையே?"

கண்ணை மூடினால் தெரியும் நிறம்

சமையலறையில் மாமியார் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பையில் மங்குஸ்தான் பழங்கள். நான் அவருக்கு நேரே உட்கார்ந்தேன். அம்மா, இது அழகு பார்க்கிற விஷயமில்லை, சாய்வு இருட்டாகாவிட்டால் உங்கள் பிள்ளை தூங்க மாட்டார், தூங்காமல் வண்டி ஓட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும் என்றேன். ஹாலில் படுத்திருப்பவர் காதில் விழாமல், காது மந்தமான ஒருவரிடம் இதைச் சொல்ல வேண்டும். பாதியை உதட்டாலும் பாதியைக் கையாலும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. எனக்கு மட்டும் அவன் தூங்கணும்னு ஆசை இல்லையா என்றார், கண் கலங்கிவிட்டது. தினமும் காலையில் பத்து மணி ஆனால் வண்டி கேட்டுக்குள் நுழையும் வரைக்கும் வாசலிலேயே நிற்கிறாராம். காதுக்குக் கேட்காது என்பதால் கண்ணால் பார்த்தால்தான் ஆறுதல். கறுப்பை மட்டும் சொல்லாதே, அது என் மனசுக்கு ஒத்துக்கொள்ளாது என்றார். வேறு எந்த நிறம் அம்மா உங்களுக்குச் சம்மதம் என்று கேட்டேன். அவர் கண்களை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். சட்டென்று கண்ணைத் திறந்து, பையிலிருந்து ஒரு மங்குஸ்தானை எடுத்து என் கையில் வைத்தார். "கண்ண மூடினா இந்தப் பழத் தோலாட்டந்தான் தெரியுது தங்கச்சி, கறுப்பா தெரியல. இது இருக்கா ஒங்க கடையில?"

தவ்கேயின் கவலை

இல்லை. ஆயிரத்துச் சொச்சம் அட்டைகளில் அந்த நிறம் இல்லை. செம்மண் பக்கம் போனால் சிவப்பு தூக்குகிறது, கத்தரிக்காய்ப் பக்கம் போனால் நீலம் தூக்குகிறது. பழத்தை மேசை மேல் வைத்துக்கொண்டு நானே கையால் கலந்தேன். ஒரு பலகையில் பூசுவேன், காயவிடுவேன், கடைக்குப் பின்னால் சாமான் அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தி, பலகையைத் தலைக்கு மேல் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பேன். சாய்த்துப் பிடித்தால் அதே நிறம் இன்னும் இருள்வது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நேராகப் பார்த்துத் தேர்ந்தெடுத்த நிறத்தைச் சாய்ந்த கூரைக்கு விற்றுக்கொண்டிருந்திருக்கிறேன், இத்தனை வருடமாக. ஆறாவது பலகையில் சரியாக வந்தது. துளி மினுமினுப்பு இல்லாத வகை, வெளிச்சம் பட்டால் அங்கேயே நின்றுவிடும்.

எங்கள் தவ்கே, அதாவது கடை முதலாளி, சீனர். அந்தக் காலத்தில் பண்டார் தெங்காரா பக்கத்தில் தமிழர்கள் வேலை பார்த்த தோட்டங்களுக்கு வேனில் சரக்கு கொண்டுபோய் விற்றே தமிழ் படித்தவர். சாமான் அறையிலிருந்து நான் பலகையும் பழமுமாக வெளியே வருவதை மூன்று நாளாகக் கவனித்திருக்கிறார். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். மோட்டார் சைக்கிள் விஷயத்தைக் கேட்டதும் முகம் மாறியது. நல்லா செய் என்றார். இரண்டடி நடந்து போனவர் திரும்பி வந்தார்: "சரோஜா, மங்குஸ்தான் பரவால்ல. நாளைக்கு எவனும் டுரியான் கலர் கேட்டா நீ பழம் கொண்டாராத, நாத்தம் லா."

முனியாண்டியின் கோடு

அடுத்த தடை நான் எதிர்பார்க்காத இடத்தில் வந்தது. சுவரும் சாய்வும் ஒரே நிறம், நடுவில் கோடே தெரியக் கூடாது, ஜன்னல் முக்கோணத்துக்கு ஒரு மரப்பலகை வெட்டி மாட்டி அதற்கும் அதே சாயம் என்று முனியாண்டியிடம் சொன்னேன். அவர் முகம் தொங்கிவிட்டது. சுவர் முடிந்து சீலிங் தொடங்கும் இடத்தில், டேப் ஒட்டாமல், வெறும் தூரிகையால் நூல் பிடித்ததுபோல் ஒரு கோடு இழுப்பார். அதுதான் அவருடைய பெருமை. முப்பது மைல் சுற்றளவில் அப்படிக் கோடு இழுக்க ஆளில்லை என்பார், அது உண்மையும்கூட. கோடு இல்லாமல் அடிக்கச் சொன்னால் ரோலரே போதுமே, நான் எதற்கு என்று கேட்டார்.

அந்தக் கோடு ஒருவரைத் தூங்க விடாமல் பண்ணுகிறது என்று எடுத்துச் சொன்னேன். அரை மனசாகப் போனார். சேகரனுக்கு வார விடுமுறை கிடைத்த இரண்டு நாளில் வேலை முடிந்தது. இரண்டாம் நாள் சாயந்தரம் முனியாண்டி எனக்குப் போன் செய்தார். குரலில் வருத்தமா சந்தோஷமா என்று பிடிபடவில்லை. "அக்கா, உள்ள நின்னா சுவரு எங்க முடியுது, கூரை எங்க ஆரம்பிக்குதுன்னு எனக்கே தெரியல. நங்குன்னு நெத்தியில இடிச்சிக்கிட்டேன். நல்லா வந்திருக்குக்கா."

ஏழு மாதம்

அதற்குப் பிறகு நவமணி வரவில்லை. எங்கள் தொழிலில் இதுதான் கொடுமை. நிறம் பிடிக்காதவர் மறுநாளே வந்து நிற்பார், பிடித்தவர் ஐந்து வருடம் கழித்து அடுத்த வீட்டுக்குத்தான் வருவார். வேறு யாராக இருந்தாலும் நான் மறந்திருப்பேன். இந்த அறையை மறக்க முடியவில்லை. வாட்ஸ்அப்பில் யாராவது நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள் விபத்து என்று போட்டால், முதலில் பெயரைத்தான் தேடுவேன். நவமணியின் எண் கடை ரசீதில் இருந்தது. கூப்பிடலாமா என்று பலமுறை போனை எடுத்து வைத்துவிட்டேன். தப்பான பதில் வந்துவிடுமோ என்ற பயம்தான், வேறொன்றுமில்லை.

ஏழாவது மாதம், ஒரு சாயந்தரம் நாலரை மணி இருக்கும். ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஒருவர் வந்து, பிள்ளைகள் அறைக்கு என்ன நிறம் நல்லது என்று கேட்டார். யாருடைய அறை, எந்த நேரத்தில் இருப்பார்கள், படிக்கவா தூங்கவா என்று நான் கேள்விகளை அடுக்கினேன். இப்போதெல்லாம் எல்லாரையும் கேட்கிறேன், பின்னால் எத்தனை பேர் நின்றாலும். அவர் சிரித்தார். "நவமணி சொன்னது சரிதான், நீங்க நெறைய கேப்பீங்கன்னு சொல்லிச்சு" என்றார். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். நன்றாகத் தூங்கி எழுந்த முகம், கன்னத்தில் தலையணை மடிப்பு இன்னும் போகவில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கு அழுகை வந்துவிட்டது, இயந்திரத்தைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

பிறகு தொழில்காரியின் அற்ப ஆசை தலைதூக்கியது. ஆறு பலகை கலந்திருக்கிறேன், ஒரு பாராட்டுக்கூடவா இல்லை? மேல் அறையின் நிறம் எப்படி, பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். அவர் ஹெல்மெட்டைக் கை மாற்றிக்கொண்டு, பரீட்சையில் மாட்டிக்கொண்டவர் மாதிரி யோசித்தார். "கோவிச்சிக்காதீங்கக்கா, அது என்னா கலருன்னு எனக்குத் தெரியாது. வருவேன், கதவச் சாத்துவேன், படுப்பேன். அதுக்கப்புறம் மணி நாலுதான்."

பத்தொன்பது வருடத்தில் நான் கலந்ததிலேயே உருப்படியான நிறம் எது என்று யாராவது கேட்டால், அதன் கீழே தூங்குகிறவர் இன்றுவரை கண்ணால் பார்க்காத அந்த ஒன்றைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.